அம்மா கைலியில வெள்ளைத் திட்டு

காலையில பாத்ரூம்லேர்ந்து அம்மா இருமுற சத்தம், ஓடிப்போய் பார்த்தா கண்ணெல்லாம் தண்ணி. பிளீச் ஊத்துன தரையில கறை போகலன்னு மேல வினிகரையும் ஊத்திருக்காங்க.

கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து வாசல் வராந்தா அஞ்சடியில உட்கார வெச்சேன். பாத்தேக் கைலி ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையா திட்டு, அந்த கத்திரிப்பூ கலர் போயே போச்சு.

துணிக்கே இப்படின்னா நெஞ்சுக்கு?

ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும். அமோனியா கூட சேர்ந்தாலும் விஷம்தான். மலேசியா சுங்கை சிப்புட்ல எங்க எஸ்டேட் லயத்து வீட்டு பாத்ரூம்ல ஒரே ஒரு சின்ன ஜன்னல், அது எந்த வழியா வெளிய போகும்?

உப்புக்கறைக்கு வினிகர் மட்டும், தினசரி பிசுக்குக்கு சோப்புத்தண்ணி. பிளீச் வேணும்னா 1 லிட்டர் தண்ணிக்கு 4 டீஸ்பூன், கதவைத் திறந்து வெச்சு, வேற எதையும் கலக்காம.

இப்ப அம்மா தே ஓ, அதான் பால் ஊத்தாத டீ, குடிச்சுக்கிட்டே, "எஸ்டேட்ல மருந்தடிச்சப்பக்கூட இப்படி இருமினதில்லடா"ங்குறாங்க.

அதக் கேட்டுத்தான் எனக்கு இன்னும் பதறுது.