'தி செல்': மறுமுறை பார்க்கும்போது துணியையும் தண்ணீரையும் கவனியுங்கள்

2000-இல் வந்த 'தி செல்' படத்தை அப்போது பார்த்தவர்களுக்கு இன்று நினைவில் நிற்பது பெரும்பாலும் குதிரைதான். மேலிருந்து கண்ணாடிப் பலகைகள் சரசரவென்று இறங்குகின்றன. நின்ற நிலையிலேயே குதிரை துண்டாகிறது. பலகைகள் விலக விலக உள்ளுறுப்புகள் தெரிகின்றன, இன்னும் துடித்தபடி. அந்த அதிர்ச்சி ஒரு தடவைக்குத்தான். என்ன வரப்போகிறது என்று தெரிந்தபின் உட்கார்ந்து பார்த்தால், முன்பு பார்த்ததைவிட நல்ல படம் ஒன்று தென்படும். முடிவு உட்பட எல்லாவற்றையும் இங்கே சொல்கிறேன். பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை இதுதான். கார்ல் ஸ்டார்கர் (வின்சென்ட் டி'ஓனோஃப்ரியோ) பெண்களைக் கடத்திக் கொல்பவன். போலீஸ் நெருங்கும் நேரத்தில் மீளாத கோமாவுக்குப் போய்விடுகிறான். கடைசியாகக் கடத்தப்பட்ட பெண் எங்கோ ஒரு கண்ணாடி அறையில் அடைபட்டிருக்கிறாள். டைமர் வைத்த அந்த அறை 40 மணி நேரத்தில் தண்ணீரால் நிரம்பிவிடும். இடத்தைக் கண்டுபிடிக்க, மனநல சிகிச்சையாளர் கேத்தரின் (ஜெனிஃபர் லோபஸ்) ஆய்வகக் கருவி ஒன்றின் மூலம் அவன் மனத்துக்குள் நுழைகிறாள்.

முதலில் டிவியைச் சரிசெய்துகொள்ளுங்கள். 'விவிட்' மோடில் சிவப்பு ஊதிப்போய், உடைகளில் இருக்கும் நுணுக்கமான வரிகள் ஒரே பூச்சாகிவிடும். 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடுக்கு மாற்றுங்கள். அசைவுகளைச் செயற்கையாகச் சீராக்கும் 'மோஷன் ஸ்மூத்திங்' வசதியை அணைத்துவிடுங்கள். அது ஓடினால் கனவுக் காட்சிகள் சீரியல்போல் வழுவழுவென்று ஆகிவிடும். ஹெட்ஃபோன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். ஹோவர்ட் ஷோரின் இசையில் மொராக்கோவின் ஜஜூகா கிராமத்து இசைக்கலைஞர்கள் வாசித்திருக்கிறார்கள். நம் நாகஸ்வரம்போல் சீவாளி வைத்து ஊதும் வாத்தியம் அவர்களுடையது. அந்தக் குழல் ஒலியும் கீழே ஓடும் முழவுகளும் டிவி ஸ்பீக்கரில் பாதி காணாமல் போய்விடும்.

இப்போது துணி. உடை வடிவமைப்பு எய்கோ இஷியோகா. 1992-இல் வந்த 'டிராகுலா'வுக்காக ஆஸ்கர் வாங்கியவர். ஆய்வகத்தில் கேத்தரினும் நோயாளியும் அணியும் சிவப்பு உடையைப் படத்தை நிறுத்திப் பாருங்கள். தோலை உரித்தால் தெரியும் தசைநார்போல வரிவரியாக இருக்கும். மனத்துக்குள் போகுமுன்பே, பாதுகாப்பான ஆய்வகத்திலேயே, அவர்கள் உரிக்கப்பட்டவர்களாகத் தொங்குகிறார்கள். கேத்தரின் சிறைப்பட்ட பிறகு கழுத்தை நிமிர்த்திப் பிடிக்கும் பட்டை ஒன்று வரும். அதைக் கொஞ்சம் வசதியாக மாற்றித் தரச் சொல்லி லோபஸ் கேட்டாராம். நீங்கள் வதைபடுபவராக நடிக்கிறீர்கள், அதனால் முடியாது என்று இஷியோகா மறுத்துவிட்டார். திரையில் அந்தக் கழுத்தின் விறைப்பு நடிப்பு மட்டுமல்ல.

அரியணைக் காட்சிதான் உச்சம். ஸ்டார்கர் எழுந்து படியிறங்குகிறான். அறைச் சுவர்களை மூடியிருந்த ஊதாத் திரைச்சீலை அவனோடு சேர்ந்தே நகர்கிறது. அது திரைச்சீலையே அல்ல. அவன் முதுகிலிருந்து நீளும் அங்கி. அந்த அறை முழுக்க அவன் உடம்பின் நீட்சி. இதற்கான விதை படத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது: முதுகுத் தோலில் துளைத்த வளையங்களில் சங்கிலி மாட்டி, பிணத்துக்கு மேலே அவன் தன்னைத் தூக்கிக்கொள்ளும் காட்சி. பார்க்கச் சகிக்காது. ஆனால் முழுதாகத் தாண்டிவிட்டால் அங்கியின் பொருள் கைநழுவும். வளையங்கள் கண்ணில் பட்டதும் ஓட்டிவிடுங்கள், அது போதும். பின்பகுதியில் எஃப்பிஐ அதிகாரி நோவாக்கின் (வின்ஸ் வான்) குடலைச் சுருட்டி எடுக்கும் காட்சியை அப்படியே தாண்டலாம். அதில் வேண்டியது ஒரு சின்னம் மட்டுமே. அதைக் கீழே சொல்கிறேன்.

அடுத்தது தண்ணீர். முதல்முறை பார்க்கும்போது கண்ணாடி அறை வெறும் கெடு வைக்கும் உத்தி என்றே தோன்றும். சிறுவன் கார்லுக்கு ஞானஸ்நானம் தரும் காட்சியையும், அடிபட்ட பறவை அப்பாவின் கையில் சிக்கி வதைபடக்கூடாதென்று அவன் அதை நீரில் அமுக்கியதையும் கவனியுங்கள். தண்ணீர் அவனுக்குப் பயமும் விடுதலையும் ஒன்றாகச் சேர்ந்த இடம். கடைசியில் கேத்தரின் திசையை மாற்றி, அவனைத் தன் மனத்துக்குள் இழுக்கிறாள். கொடூரனைக் குத்தினால் உள்ளே இருக்கும் சிறுவனுக்கும் ரத்தம் வருகிறது. அதனால் அவள் சிறுவனைக் கையில் ஏந்தி நீரில் அமிழ்த்துகிறாள், அவன் பறவைக்குச் செய்ததையே. இந்தக் கோடு தெரிந்துவிட்டால் முடிவு கொலையாகவும் கருணையாகவும் ஒருசேர கனக்கும்.

இயக்குநர் தர்சேம் சிங் ஜலந்தரில் பிறந்தவர். விளம்பரம், இசை வீடியோக்களிலிருந்து வந்தவர். இது அவருடைய முதல் படம். கலைக்கூடங்களிலிருந்து பிம்பங்களை எடுத்துக்கொண்டார் என்ற குறை அப்போதே எழுந்தது, அது நியாயமும்கூட. குதிரை, பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் விலங்குகளை அறுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த படைப்புகளிலிருந்து. வாய் பிளந்து வானம் பார்க்கும் மூன்று பெண்கள், நார்வே ஓவியர் ஓட் நெர்ட்ரமின் ஓவியத்திலிருந்து. குதிரை கதையோடு ஒட்டிக்கொள்கிறது, ஏனென்றால் ஸ்டார்கரே பெண்களைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பவன். மூன்று பெண்கள் ஒட்டவில்லை. வெட்டி ஒட்டிய படமாகவே நிற்கிறார்கள்.

உண்மையான பலவீனம் துப்பறியும் பகுதி. குடல் சுருட்டும் கருவியில் பார்த்த சின்னத்தை, ஸ்டார்கர் வீட்டில் இருந்த பாரம் தூக்கும் இயந்திரத்தோடு பொருத்தித்தான் நோவாக் இடத்தைக் கண்டுபிடிக்கிறான். இயந்திரம் முதல் நாளே போலீஸ் கண்முன் இருந்தது. தயாரித்த நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் மனத்துக்குள் போகும் பயணமே தேவைப்பட்டிருக்காது. முதல்முறை பதற்றத்தில் இது உறைக்காது, மறுமுறை உறுத்தும்.

இந்தக் கண் பிடித்திருந்து, வன்முறைதான் தடை என்றால், தர்சேமும் இஷியோகாவும் மறுபடி சேர்ந்த 'தி ஃபால்' (2006) இருக்கிறது. ஜோத்பூரின் நீல வீடுகளும் சாந்த் பாவோரி படிக்கிணறும் அதில் வருகின்றன. 'தி செல்' பார்த்த மறுநாளே அதைப் பார்ப்பது நல்லது. துணியைக் கவனிக்கும் பழக்கம் கண்ணில் சூடாக இருக்கும்.