அந்த ஆறு மதிப்பெண் யாரைப் பற்றியது?

'இவர் எவ்வளவு நம்பகமானவர்? 1 முதல் 7 வரை மதிப்பிடுங்கள்.' இந்தக் கேள்விக்கு 6 என்று பதில் வந்தால், அது மதிப்பிடப்பட்டவரின் குணம் என்று எடுத்துக்கொள்கிறோம். மனிதர்களைப் பற்றிய மனப்பதிவை அளப்பதில் பெரும்பாலான பிழைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

அந்த 6-க்குள் பல விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. உளவியலாளர் டேவிட் கென்னி உருவாக்கிய சமூக உறவு மாதிரி அவற்றைப் பிரித்துக் காட்டும். ஒரு குழுவில் எல்லோரும் எல்லோரையும் மதிப்பிடுகிறார்கள், மொத்தச் சராசரி 4.5 என்று வைத்துக்கொள்வோம். மதிப்பிட்டவர் தாராளக்காரர், யாருக்குமே சராசரியாக 5.5 போடுபவர். அது +1. மதிப்பிடப்பட்டவருக்கு மற்றவர்கள் தந்த சராசரி 4.0, அதாவது −0.5. ஆக, எதிர்பார்க்க வேண்டிய மதிப்பெண் 5. கிடைத்ததோ 6. மிச்சமிருக்கும் அந்த ஒன்று இந்த இருவருக்கும் இடையில் மட்டும் இருப்பது. (தன்னைத் தானே மதிப்பிடாததால் உண்மையான கணக்கில் ஒரு சிறு திருத்தம் வரும்; தர்க்கம் இதுதான்.) குழுவில் குறைந்தது 4 பேர் வேண்டும். 6 பேர் என்றால் 30 மதிப்பீடுகள். ஒரே ஒரு கேள்வி கேட்டால் அந்த மிச்சத்தில் எவ்வளவு உறவு, எவ்வளவு தற்செயல் பிழை என்று பிரிக்க முடியாது. அதனால் 'சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவர்' போல இன்னொரு கேள்வியும் அவசியம்.

அடுத்தது ஒளிவட்ட விளைவு. 1920-இல் உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக், ராணுவ அதிகாரிகளுக்கு மேலதிகாரிகள் தந்த மதிப்பீடுகளை ஆராய்ந்தார். அறிவுக்கான மதிப்பெண்ணுக்கும் உடற்கட்டுக்கான மதிப்பெண்ணுக்கும் இடையே உடன்தொடர்பு (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு; 0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.31, தலைமைப் பண்போடு 0.39, குணத்தோடு 0.28. உடற்கட்டுக்கும் அறிவுக்கும் அவ்வளவு நெருக்கம் இருக்கக் காரணமில்லை. ஒருவரைப் பற்றிய ஒட்டுமொத்த அபிப்பிராயம் எல்லாக் கட்டங்களுக்கும் வழிந்திருக்கிறது. இதைக் குறைக்க எளிய வழி, ஆளுக்கு ஆள் படிவம் நிரப்பாமல் பண்புக்குப் பண்பு நிரப்புவது. முதலில் எல்லோருடைய நேரந்தவறாமை, அது முடிந்த பிறகு எல்லோருடைய பொறுமை. ஒவ்வொரு சுற்றிலும் ஆட்களின் வரிசையைக் கலைத்துவிடுங்கள். ஒளிவட்டம் முழுதும் மறையாது, ஆனால் தணியும்.

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. பத்துக் கேள்விகளின் பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா 0.9 வந்தால் அளவுகோல் அருமை என்று மகிழ்கிறார்கள். பத்துக் கேள்விக்கும் மனத்தில் இருந்த ஒரே அபிப்பிராயத்தை வைத்துப் பதில் சொன்னாலும் ஆல்ஃபா உயரத்தான் செய்யும். நம்பகத்தன்மை (அளவீடு சீராக இருப்பது) வேறு, அளக்க நினைத்ததை அளப்பது வேறு.

சொற்களைத் தேர்வதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1946-இல் ஏழு பண்புகள் கொண்ட பட்டியலைப் படித்துக் காட்டினார். ஒரு குழுவின் பட்டியலில் 'கனிவானவர்'. மற்றதில் அந்த இடத்தில் 'பாசமற்றவர்'. மற்ற ஆறு சொற்கள் ஒன்றே. அந்த நபர் தயாள குணம் உள்ளவர் என்று முதல் குழுவில் 91 சதவீதம் பேர் சொன்னார்கள், இரண்டாவதில் 8 சதவீதம். ஆஷ் பயன்படுத்திய ஆங்கிலச் சொற்கள் வெதுவெதுப்பையும் குளிரையும் குறிப்பவை. தமிழில் அதை அப்படியே போட்டால் என்ன ஆகும்? 'சூடானவர்' என்றால் கோபக்காரர். 'குளிர்' நமக்கு நல்ல சொல். மனம் குளிர்கிறது, உள்ளம் குளிர வாழ்த்துகிறோம். அளவுகோலே தலைகீழாகிவிடும். மறுமொழிபெயர்ப்புச் சோதனையில் இது பிடிபடாது, ஏனென்றால் திருப்பிப் பெயர்த்தால் அதே ஆங்கிலச் சொல்தான் வரும். பத்துப் பேரிடம் சொல்லைக் கொடுத்து, 'இப்படிப்பட்டவர் என்ன செய்வார்?' என்று கேட்டுப் பாருங்கள். அதில்தான் தெரியும். அதேபோல 'நம்பத்தகாதவர் அல்லர்' போன்ற இரட்டை எதிர்மறைகளைத் தவிர்த்துவிடுங்கள். 'ஒத்துக்கொள்கிறேன்' என்பதன் பொருளே படிப்பவருக்குக் குழம்பும்.

எத்தனை மதிப்பீட்டாளர்கள் வேண்டும்? ஒருவருடைய மதிப்பீட்டின் நம்பகத்தன்மை 0.3 என்றால், பலரின் சராசரிக்கு அது எவ்வளவு உயரும் என்று கணக்கிடும் ஸ்பியர்மன்-பிரவுன் சூத்திரப்படி 4 பேரின் சராசரிக்கு 0.63, 10 பேருக்கு 0.81. அதற்கு மேல் ஆளைக் கூட்டினால் பலன் மெதுவாகத்தான் ஏறும். அவர்கள் தங்களுக்குள் பேசிவிட்டு மதிப்பிட்டால் இந்தக் கணக்கு செல்லாது.

கருத்து ஒன்றுபடுவதாலேயே அது சரியாகிவிடாது. ஜானைன் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடொரோவும் 2006-இல் முகப்படங்களை 0.1 நொடி மட்டும் காட்டினார்கள். அந்தத் தீர்ப்புகள், நேரக் கட்டுப்பாடின்றிப் பார்த்தவர்களின் தீர்ப்புகளோடு நன்றாகவே ஒத்துப்போயின. நேரத்தைக் கூட்டியபோது மதிப்பிட்டவர்களுக்குத் தங்கள் தீர்ப்பின் மேல் இருந்த உறுதியும் கூடியது. அந்த முகத்துக்குரியவர் உண்மையில் நம்பகமானவரா என்பதை இந்த ஒற்றுமை சொல்லாது; ஒரே ஆளின் வேறொரு படத்தைக் காட்டினாலே மதிப்பெண் மாறக்கூடும். ஆகவே படத்தை வைத்து அளப்பதானால் ஒருவருக்கு ஒரு படம் போதாது. வெவ்வேறு நாளில், வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த நான்கைந்து படங்களைச் சேருங்கள். ஒரே ஆளின் இரு படங்கள் ஒரே மதிப்பீட்டாளரிடம் போகாமல் பிரித்துக் கொடுங்கள்.