எனக்கு ஏற்ற அறுவை சிகிச்சைதானா: நான்கு மாத யோசனை

அம்பாசமுத்திரத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் எனக்கு வயது 44, உயரம் 156 சென்டிமீட்டர், எடை 94 கிலோ. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். உணவுக் கட்டுப்பாடு, நடை, மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்துவிட்ட பிறகுதான், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேட்டறிய ஆவணி மாதம் பாளையங்கோட்டைக்குச் சென்றேன்.

உயரத்துக்கு எடை எவ்வளவு மிகுதி என்று காட்டும் பி.எம்.ஐ. எண் எனக்கு 38.6. இந்தியர்களுக்கு 37.5-க்கு மேல் இருந்தாலோ, சர்க்கரை போன்ற துணை நோயுடன் 32.5-க்கு மேல் இருந்தாலோ இச்சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்பது இங்கு நெடுநாள் வழக்கில் உள்ள அளவு. மேலைநாட்டினருக்கு முன்பு வகுத்த 40, 35 என்ற எண்களைவிட இது குறைவு. நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதே காரணம். மருத்துவக் காப்பீட்டு விதிகளோ அந்த 40, 35 எண்களையே கேட்கின்றன. நான் இரண்டிலும் தேறியதால், முடிவு கைக்கு வந்துவிட்டதாகவே எண்ணினேன்.

நான் விரும்பியது ஸ்லீவ் முறை. இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை நீக்கி, மிச்சத்தைக் குழாய்போல் ஆக்குவார்கள், குடலைத் தொடுவதில்லை. ஆனால் நெஞ்செரிச்சல் உண்டா என்று மருத்துவர் கேட்டபோது, சொதியோடு இஞ்சிப் பச்சடி வைப்பதே அதற்குத்தானே என்று நான் சிரித்ததை அவர் அப்படியே விட்டுவிடவில்லை. எண்டோஸ்கோப்பி செய்து பார்த்ததில், உணவுக்குழாயின் அடிப்பகுதி அமிலத்தால் புண்பட்டிருந்ததும், இரைப்பையின் மேல்முனை உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் ஏறியிருந்ததும் தெரியவந்தன. ஸ்லீவ் செய்தால் குழாய்க்குள் அழுத்தம் கூடி எரிச்சல் இன்னும் மோசமாகலாம் என்பதால், இரைப்பையைச் சிறு பையாக்கி, உணவு குடலின் முதல் பகுதியைத் தாண்டிச் செல்லும்படி இணைக்கும் பைபாஸே பொருந்தும் என்றார்.

பைபாஸ் என்றால் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் உட்கொண்டு, ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். இனிப்பு சற்று மிகுந்தாலும் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் வரக்கூடும். அல்வா ஊர்க்காரிக்கு இது சிறிய நிபந்தனை அன்று. தூக்கப் பரிசோதனையும் மனநல ஆலோசனையும் சிக்கலின்றி முடிந்தன.

என்னை நிறுத்தியது மைனியின் (அண்ணியின்) கேள்வி: "ஏட்டி, சுகர் மாத்திரையவே வாரத்துல ரெண்டு நாள் மறந்திருத. இத ஆயுசுக்கும் எப்படிப் போடுவ?"

மறுமொழி சொல்ல இயலவில்லை. ஆகவே மருத்துவரிடம் மூன்று மாதம் அவகாசம் கேட்டேன். மாத்திரைகளைத் தவறாமல் விழுங்கி, மெதுவாக மென்று, உணவோடு தண்ணீர் குடிக்காமல், அனைத்தும் சரியாக நடந்த நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வந்தேன். கார்த்திகை முடியும் வேளையில் மைனியே அதை வாங்கி எண்ணினார்: 90 நாட்களில் நான்கு நாட்களுக்கு மட்டும் வட்டமில்லை. அந்த நான்கில் மூன்று, அவருடைய தம்பி கல்யாண நாட்கள்.

பைபாஸுக்குச் சம்மதம் தெரிவித்துவிட்டேன். கல்லீரல் சுருங்குவதற்காக அறுவைக்கு முன் இரண்டு வாரம் உண்ண வேண்டிய மாவுச்சத்து குறைந்த உணவு, வரும் திங்கட்கிழமை தொடங்குகிறது.