219 டொலருக்கு வாங்கிய எஸ்கேஎஸ்: கடையிலிருந்து காடு வரை

2015 ஜனவரியில் பாதுகாப்பு வகுப்புக்குப் போன நாளிலிருந்து அடுத்த வருட நவம்பரில் மான் வேட்டைக்கு இறங்கியது வரை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டே வந்தேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கனடாவில், அதுவும் ஒன்ராறியோவில், குறைந்த செலவில் ஒரு பழைய இராணுவ அரைத்தானியங்கித் துவக்கு (விசையை ஒரு தரம் இழுத்தால் ஒரு சூடு, அடுத்த ரவை தானாகவே ஏறும்) வாங்கி, குறி பார்த்துச் சுட்டுப் பழகி, அதையே வேட்டைக்கும் கொண்டுபோகலாமா என்பதுதான் என் கேள்வி. கடைசியில் வாங்கியது எஸ்கேஎஸ் என்கிற பழைய ரஷ்யத் துவக்கு. துவக்கு, ரவை, பூட்டு, துடைக்கும் சாமான் எல்லாம் சேர்த்து 600 டொலரைத் தாண்டக் கூடாது என்று எழுதி வைத்திருந்தேன். ஏன் இராணுவத் துவக்கு என்றால், அப்பா தையல் மெஷின் திருத்துகிறவர், சின்ன வயதிலிருந்தே கழற்றிப் பூட்டக்கூடிய இரும்புச் சாமான் என்றால் எனக்கு உயிர். ஒரு சிப்பாய் இருட்டில், குளிரில், கையுறையோடு கழற்றவேண்டும் என்று நினைத்துச் செய்த பொருளில் ஒரு நேர்மை இருக்கிறது.

லைசென்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வகுப்பு, எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை, பிறகு விண்ணப்பம். முதல் தடவை விண்ணப்பிக்கிறவர்களுக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. விண்ணப்பத்தில் மனைவி கையெழுத்து வைக்க ஓர் இடம் இருக்கிறது, அதை நான் நல்ல விஷயம் என்றே நினைக்கிறேன். மனைவி வைத்தாள். அம்மாதான் இரண்டு கிழமை என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. ஊரில் துவக்கைக் கண்டு வளர்ந்தவர் அவர், வீட்டுக்குள் ஏன் என்று ஒரு கேள்விதான் கேட்டார். பெட்டியையும் விசைப் பூட்டையும் காட்டி, ரவை வேறு அலுமாரியில் பூட்டி இருக்கும் என்று சொல்லி, திறப்பு என் கழுத்துச் சங்கிலியில் கிடப்பதையும் காட்டிய பிறகுதான் கொஞ்சம் தணிந்தார்.

சரி, தேர்வுக்கு வருவோம். மூன்று மாதம் இதிலேயே போனது.

முதலில் எல்லோரும் சொல்வது ஏஆர்-15 என்கிற அமெரிக்க அரைத்தானியங்கி. அந்த நேரத்தில் அது இங்கே கட்டுப்படுத்தப்பட்ட வகை. தனி வகுப்பு வேண்டும், கொண்டுபோக அனுமதி வேண்டும், அனுமதி பெற்ற சுடுகளத்தில் மட்டும்தான் சுடலாம், வேட்டைக்குக் கொண்டுபோகவே முடியாது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ரூகர் மினி-14 வேட்டைக்குச் சட்டப்படி சரி, எடையும் குறைவு, ஆனால் விலை ஆயிரத்தைத் தொட்டது, அதன் .223 அளவுச் சன்னம் (ரவையிலிருந்து பறந்து போகிற முனை) மானுக்குச் சிறியது என்பது என் எண்ணம். அதைக் கையில் தூக்கிப் பார்த்தபோது இன்னொன்றும் மனதில் வந்தது. 1989 டிசம்பர் 6இல் மொன்றியல் பொலிடெக்னிக்கில் 14 பெண்களைக் கொன்றவன் கையில் இருந்தது இந்த மாதிரித் துவக்குத்தான். பெரும்பாலான அரைத்தானியங்கி நீள்துவக்குகளுக்கு இங்கே ரவைக்கூட்டில் 5 ரவைதான் என்ற எல்லை வந்ததும் அதற்குப் பிறகு கொண்டுவந்த சட்டத்தால்தான். இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிற ஒருவர் அதைத் தெரியாமல் இறங்கக் கூடாது.

எம்1 கரண்ட் என்றால் எனக்கு ஆசைதான். 1936இல் அமெரிக்க இராணுவம் எடுத்துக்கொண்ட துவக்கு, .30-06 ரவை, எட்டு ரவையை ஒரே இரும்புக் கிளிப்போடு உள்ளே தள்ளவேண்டும், கடைசி ரவை போனதும் கிளிப் 'டிங்' என்று வெளியே பாயும். 5 ரவை எல்லையிலிருந்தும் அதற்கு விலக்கு உண்டு. ஆனால் நல்லதொன்று ஆயிரத்துக்கு மேலே போனது, எடையும் நாலே கால் கிலோவுக்கு மேல். அடுத்தது சீனாவின் நொரின்கோ எம்-305, அமெரிக்க எம்14இன் நகல். 500, 600 டொலருக்குள் கிடைத்தது, .308 ரவை மானுக்கு மட்டுமல்ல மூஸ் என்கிற பெரிய மான் வகைக்கும் போதும். இதில்தான் நான் கிட்டத்தட்டக் கையெழுத்து வைத்துவிட்டேன்.

நிறுத்தியவர் ரொறன்ரோவுக்குப் பக்கத்து அஜாக்ஸில் இருக்கிற ஓர் அண்ணை, இருபது வருடமாக வேட்டைக்குப் போகிறவர். "தம்பி, துவக்கு ஒரு தரம்தான் காசு கேக்கும். ரவை ஒவ்வொரு ஞாயிறும் கேக்கும்" என்றார். அன்று இரவு கொப்பியில் கணக்குப் போட்டேன். .308 ஒன்று ஏறக்குறைய ஒரு டொலர். எஸ்கேஎஸ் சுடுகிற 7.62x39 பழைய இராணுவ ரவை, 1,120 கொண்ட பெட்டியாக எடுத்தால், ஒன்று கால் டொலருக்கும் குறைவு. ஒரு கோடையில் ஆயிரம் ரவை சுட்டால்தான் கை பழகும் என்றால், எம்-305இல் அந்த ஆயிரம் ரவைக்கு ஆயிரம் டொலர், என்னிடம் அது இல்லை. ஆகவே வருடம் முழுக்க ஐம்பது ரவை சுடுகிற ஒருவனாகத்தான் காட்டுக்குள் போவேன். இந்த ஒரு கணக்கில் என் தேர்வு முடிந்தது. துவக்கின் விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்து பாருங்கள்: ஒரு வருடத்தில் எத்தனை ரவை சுடப் போகிறீர்கள் என்று எழுதி, அதன் விலையையும் துவக்கின் விலையோடு கூட்டுங்கள்.

(ஒரு பின்குறிப்பு இங்கேயே. 2020 மே 1இல் மத்திய அரசு தடைசெய்த ஏறக்குறைய 1,500 மாதிரிகளில் ஏஆர்-15, மினி-14, எம்14 வகை மூன்றுமே இருந்தன. எஸ்கேஎஸ் அந்தப் பட்டியலில் இல்லை. நான் அதை முன்கூட்டி அறிந்து வாங்கவில்லை. சட்டம் மாறுகிற விஷயம், வாங்கப் போகிறவர் அன்றைய நிலையை அன்றே பார்க்கவேண்டும். நான் கொடுத்த விலைக்கு இப்போது எஸ்கேஎஸ் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

எஸ்கேஎஸ் என்பது சேர்கேய் சிமொனொவ் வடிவமைத்த 1945ஆம் வருட மாதிரி. மரக்கட்டை, 20 அங்குலக் குழல், சுமார் 3.85 கிலோ, துவக்கோடு சேர்ந்த 10 ரவைக்கூடு. இங்கே விற்கிறதில் அந்தக் கூட்டுக்குள் ஓர் ஆணி அடித்து 5 ஆக்கியிருப்பார்கள். 123 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) சன்னம் நொடிக்கு 2,350 அடிக்குக் கிட்டப் போகும். பழைய .30-30 வேட்டைத் துவக்கின் பலத்துக்குப் பக்கத்தில் வரும் என்று சொல்லலாம். மானுக்குப் போதும், கிட்ட நின்றால்.

ஏப்ரலில் கடைக்குப் போனேன். மேசையில் ஆறு துவக்கு வரிசையாகக் கிடந்தது, எல்லாம் ரஷ்யச் சரக்கு. ஒரு சின்ன டோர்ச் கொண்டுபோயிருந்தேன், அது நல்ல வேலை செய்தது. குழலின் உள்ளே சுழல் வரி கூராகத் தெரிகிறதா, வாயில் அடிபட்ட தழும்பு இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்த்தேன். மேல் மூடியில் நட்சத்திரம் இருந்தால் தூலா தொழிற்சாலை, முக்கோணம் இருந்தால் இஷெவ்ஸ்க். சதுரத்துக்குள் குறுக்குக் கோடு என்றால் களஞ்சியத்தில் திரும்பப் புதுப்பித்தது. நான் எடுத்ததில் நட்சத்திரத்துக்குக் கீழே 1953 என்றும் பக்கத்தில் ஒரு சின்ன ரஷ்ய எழுத்தும் இருந்தது, அது 'வருடம்' என்ற சொல்லின் முதலெழுத்தாம். அந்த வருடத்துச் சரக்கில் குழலின் உட்புறம் குரோம் பூசியிருக்கும். மலிவு ரவை சுடப் போகிறவனுக்கு அது துருவிலிருந்து பெரிய காப்பு. யூகோஸ்லாவியத் தயாரிப்பில் அந்தப் பூச்சு இல்லை. 219 டொலர், வரி தனி.

வீட்டுக்குக் கொண்டுவந்து கழற்றினால் உள்ளே இரும்பு தெரியவில்லை, பழுப்புக் களிதான் தெரிந்தது. கொஸ்மோலின் என்று சொல்கிற அந்தப் பாதுகாப்புக் கிறீஸ் அறுபது வருடமாக மரத்துக்குள்ளும் இரும்புக்குள்ளும் ஊறிப்போயிருந்தது. இரும்புப் பாகங்களை வார்சோல் என்கிற கரைப்பானில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். மரக்கட்டையைக் கறுப்புக் குப்பைப் பைக்குள் சுற்றி, யூலை வெயிலில் காரின் பின்சீட்டில் வைத்தேன். ஒரு மணித்தியாலத்தில் மரம் வியர்த்தது. துடைத்தேன், திரும்ப வைத்தேன், திரும்ப வியர்த்தது. நாலு நாள் அப்படி.

இதில் ஒன்றை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது. எஸ்கேஎஸ் இன் போல்டுக்குள் (ரவையைக் குழலுக்குள் தள்ளி மூடுகிற இரும்புப் பாகம்) இருக்கிற, ரவையின் அடியில் குத்தி வெடிக்கவைக்கிற ஊசிக்கு ரஷ்யச் சரக்கில் பெரும்பாலும் ஸ்பிரிங் கிடையாது, சும்மா மிதந்துகொண்டிருக்கும். அந்தத் துளைக்குள் கிறீஸ் இறுகியிருந்தால் ஊசி முன்னுக்கு நீட்டியபடியே ஒட்டிக்கொள்ளும், போல்டு மூடுகிற நேரத்திலேயே விசையைத் தொடாமல் ரவை வெடிக்கும். ஆகவே ஊசியை வெளியே எடுத்து, துளையை முழுதாகத் துடைத்து, பூட்டிய பிறகு போல்டைக் காதுப் பக்கம் பிடித்து ஆட்டிப் பார்க்கவேண்டும். என்னுடையது முதல் தடவை ஆட்டியபோது சத்தமே இல்லை. மூன்றாவது தடவை வார்சோலில் போட்டு எடுத்த பிறகுதான் 'டிக் டிக்' என்று கேட்டது. அந்தச் சத்தம் கேட்காமல் சுடுகளத்துக்குப் போகாதீர்கள். போன பிறகும் முதலில் ஒன்று, பிறகு இரண்டு ரவைதான் போட்டுச் சுட்டேன்.

சுடுகளத்திலும் ஒரு பாடம். நகருக்குப் பக்கத்தில் இருந்த உள்ளரங்கக் களத்தில் என் ரவையில் காந்தம் வைத்துப் பார்த்தார்கள், ஒட்டியது, அந்தச் சன்னம் இங்கே வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் பக்கம் நியாயம்தான், உள்ளே இரும்பு இருக்கிற சன்னம் பின்தடுப்பைக் கெடுக்கும். ஒன்றரை மணித்தியாலம் ஓடி வடக்கே ஒரு திறந்தவெளிக் களத்தில் சேர்ந்தேன். மலிவு ரவை வாங்குமுன் சுடுகிற இடத்தில் ஏற்பார்களா என்று கேட்டிருக்கவேண்டும்.

முதல் நாள் 100 மீற்றரில் ஐந்து ரவையும் இடது மேலே போனது. குழல் நுனியில் இருக்கிற முன் குறியை அதற்குரிய சின்னக் கருவியால்தான் நகர்த்தவேண்டும், சன்னம் எந்தப் பக்கம் விலகுகிறதோ முன் குறியையும் அதே பக்கம் தள்ளவேண்டும். மேலே போனால் முன் குறியின் தூணை உயர்த்தவேண்டும். எனக்குத் தலைகீழாகத் தோன்றியது, இரண்டு தரம் எதிர்ப்பக்கம் தள்ளி இருபது ரவையை வீணாக்கினேன். சரிப்படுத்திய பிறகு மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்டால் ஐந்தும் நாலு அங்குலத்துக்குள் வந்தது. பழைய ரவையோடு, தொலைநோக்கி இல்லாத திறந்த குறியில் இதைவிட எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் தேவையில்லை.

ஓகஸ்டில் ஒரு தவறு செய்தேன். இந்த ரவையின் பிரைமரில் (ஊசி குத்தியதும் தீப்பிடிக்கிற அடிப்பாகம்) இருக்கிற இரசாயனம் எரிந்ததும் உப்பு மிஞ்சும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். குழலைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினேன், ஆனால் களைப்பில் சுட்ட வாயு போய் போல்டைத் தள்ளவைக்கிற வாயுக்குழாயையும் பிஸ்டனையும் நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். காலையில் பிஸ்டன் தலை முழுக்கச் செம்மஞ்சள் துரு. குரோம் குழலுக்குள்தான், பிஸ்டனுக்கு இல்லை. தேய்த்து எடுத்தாலும் இன்றுவரை அங்கே ஒரு கறுப்புப் புள்ளிக் கூட்டம் இருக்கிறது.

தொலைநோக்கியும் பூட்டிப் பார்த்தேன். மேல் மூடிக்குப் பதிலாகப் போடுகிற தாங்கி, 60 டொலர். அந்த மூடி ஒவ்வொரு சூட்டுக்கும் கொஞ்சம் அசைகிறது, குறியும் அதோடு சேர்ந்து நகர்கிறது. ஒரு நாளிலேயே கழற்றிவிட்டேன். அந்தக் காசுக்கு 250 ரவை வாங்கியிருக்கலாம்.

இரண்டாவது கோடையில்தான் வேட்டைக்கான பழக்கம் தொடங்கியது. இராணுவச் சன்னம் முழுதாக உறையிட்டது, உடம்பில் விரியாமல் ஊடுருவிப் போய்விடும், மிருகம் காயத்தோடு ஓடி எங்கேயோ கிடந்து சாகும். அதை வேட்டைக்குக் கொண்டுபோவது பாவம். முன்னே ஈயம் தெரிகிற மென்முனைச் சன்னம் வாங்கினேன், ஒன்று ஒரு டொலருக்கு மேல். அது பழைய ரவை விழுகிற இடத்திலிருந்து மூன்று அங்குலம் கீழே விழுந்தது. குறியைத் திரும்பவும் அதற்கு ஏற்றபடி மாற்றி, பூச்சு மையால் ஒரு கோடு போட்டு வைத்தேன். மலிவு ரவை கையைப் பழக்கும், குறியைப் பழக்காது.

பிறகு கடதாசிச் சாப்பாட்டுத் தட்டு, ஒன்பது அங்குல விட்டம். மானின் நெஞ்சுக்கூடு கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்று அஜாக்ஸ் அண்ணை சொல்லித் தந்தார். மணல்மூட்டை இல்லை, ஒரு முழங்கால் ஊன்றி, ஓடி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு சுடவேண்டும். 50 மீற்றரில் பத்துக்குப் பத்து. 75இல் ஆவணி கடைசியில்தான் பத்துக்குப் பத்து வந்தது, அதுவும் மூன்று ஞாயிறு தொடர்ந்து வரும்வரை நம்பவில்லை. 100இல் ஏழு. கொப்பியில் 'என் தூரம் 75' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். துவக்கு அதற்கு மேலும் அடிக்கும், அது என் தூரம் இல்லை.

நவம்பர், பரி சவுண்ட் பக்கம், அரச காடு. செம்மஞ்சள் மேலங்கி, தொப்பி. எஸ்கேஎஸ் இன் பாதுகாப்பு விசைப்பிடி விசையை மட்டும்தான் தடுக்கும், அதனால் நடக்கும்போது குழலில் ரவை வைப்பதில்லை என்று தீர்மானித்திருந்தேன். இருக்கிற இடத்துக்கு வந்து ஐந்து ரவையையும் ஒவ்வொன்றாக உள்ளே அழுத்தி, போல்டை மெதுவாக விட்டேன். முதல் இரண்டு நாளும் அணிலும் காகமும்தான்.

மூன்றாம் நாள் விடிந்து ஒரு மணித்தியாலம் இருக்கும். தேவதாரு மரங்களுக்கு இடையில் ஒன்று அசைந்தது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் இறங்கினேன். ஒரு மான், பக்கவாட்டாக நின்றது, 60 மீற்றர்கூட இராது. முன் குறித் தூண் அதன் தோளுக்குப் பின்னால் அசையாமல் நின்றது, இரண்டு கோடை காசு கொடுத்துப் பழகியது அந்த அசையாமைக்குத்தான். தலையைத் தூக்கியது. கொம்பு இல்லை. பெண் மானுக்கு வேறு சீட்டு வேண்டும், அது குலுக்கலில் கிடைப்பது, எனக்கு விழவில்லை. விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்தபடியே அது கிளையை முறித்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நாலைந்து நிமிடம் இருக்கும், பிறகு வாலை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டது.

பொழுது சாய, குழலில் இருந்த ரவையை வெளியே எடுத்து, ரவைக்கூட்டின் அடியைத் திறந்தேன். மிச்ச நாலும் கையுறைக்குள் விழுந்தன. மூன்று நாளும் முதலில் குழலுக்குள் போய் வந்தது அந்த ஒன்றுதான், அதன் ஈய முனை மட்டும் தட்டையாகிப் போயிருந்தது. அதைத் தனியாக வேறு பொக்கற்றில் போட்டுக்கொண்டு காருக்கு நடந்தேன்.