நோட்டில் குச்சியாகப் போட்ட உடம்பு

பெங்களூரில் நாம் படித்த காலத்து அறிவியல் நோட்டில் வண்ணத்துப்பூச்சியின் இறக்கைக்கு ஐந்து கலர் அடித்திருப்போம். உடம்புக்கு ஒரு பென்சில் குச்சி. மார்க்கும் இறக்கைக்குத்தான். பறவையிடமிருந்து அது எப்படித் தப்பிக்கிறது என்பதைக் காட்டுவதோ அந்தக் குச்சி.

காம்பவுண்டுச் சுவரோர எருக்கில் வளர்ந்த வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லி உடம்பு, நீண்ட வயிறு, அவசரமில்லாத பறத்தல். உடம்பே கசப்பு என்பதால் ஓட வேண்டியதில்லை. மேல்தோலும் தோல்வார்போல் வளையும்; பறவை கொத்திவிட்டுத் துப்பினால், செத்ததுபோல் சற்றுக் கிடந்துவிட்டு எழுந்து போகும். சேகரிப்பாளர்கள் பூச்சியின் மார்பை நசுக்கிக் கொல்வார்கள். அந்த வித்தை இதனிடம் எளிதில் பலிக்காது.

தாவிகள், நவாப் என்ற வண்ணத்துப்பூச்சிகள் இதற்கு நேர் எதிர். நஞ்சு கிடையாது, வேகம்தான் காப்பு. தடித்த மார்பு நிறையப் பறக்கும் தசை. கிளம்பும் விசை அதிலிருந்து வருகிறது. வயிறு குட்டையானால் எடையின் மையம் இறக்கை மூட்டை ஒட்டி வரும், சட்டென்று திரும்பலாம். கோஸ்டாரிகாவில் வண்ணத்துப்பூச்சி தின்னும் ஜக்கமார் பறவைகளை வைத்து சாய், ஸ்ரிக்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதை ஆராய்ந்து 1990இல் எழுதினார்கள். இதற்கு ஒரு விலையும் உண்டு: அந்தத் தசை சூடேறினால்தான் வேலை செய்யும். பனி மூடிய மார்கழிக் காலையில் தாவிகள் வெயிலுக்குக் காத்திருக்கும்போதே வரியன்கள் கிளம்பிவிடக்கூடும்.

டிசம்பரில் ஊருக்கு வருகிறவர்கள் லால்பாகில் பார்க்கலாம். இறக்கை மூடி உட்கார்ந்திருக்கும் பூச்சியை நேர் பக்கவாட்டில் படமெடுத்து, மார்பின் தடிமனையும் வயிற்றின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். சாய்ந்த கோணத்தில் எடுத்தால் வயிறு குட்டையாகத் தெரிந்து ஏமாற்றும். ஆணை ஆணோடுதான் ஒப்பிட வேண்டும். முட்டை சுமக்கும் பெண்ணின் வயிறு உப்பி, கணக்கே மாறிவிடும். ஊசி குத்திய பழைய மாதிரிகள் வேண்டாம், காய்ந்த வயிறு சுருங்கியிருக்கும்.

கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியில் சில பெண்கள், ஆடுதீண்டாப்பாளை தின்று வளர்ந்து நஞ்சேறிய சிவப்புடல் அழகி என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சியைப்போல் இறக்கை போட்டுக்கொள்ளும். அசலுக்கு உடம்பும் சிவப்பு. போலிக்குக் கறுப்பு. முதலில் இறக்கையைப் பார்த்தவர்கள் எல்லாரும் இதில் ஒரு தடவையாவது தப்பாகப் பெயர் எழுதியிருப்பார்கள்.