அம்பிளாந்துறையிலிருந்து கிளினிக் வரை

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தின் ஒரு திங்கட்கிழமை அதிகாலையில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் உள்ள அம்பிளாந்துறைத் துறையடியில், என் மச்சான் தன் இடது காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவைக் கட்டிய நாளிலிருந்தே அவரை அந்தச் செயற்கைக்காலோடுதான் நான் அறிவேன்; ஆனால் அது கழற்றப்பட்ட நிலையில், முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்தில் முடிந்துபோகும் காலை இவ்வளவு கிட்ட இருந்து பார்த்தது அன்றுதான். அதன் நுனியில் ஐந்து சத நாணயமளவில் ஒரு சிவந்த புண் இருந்தது. அதைச் சுற்றி வேர்வையை ஒற்றி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று காலுறைகளை இழுத்துவிட்டு, அதற்கும் மேலே பழைய பெனியன் துணியைச் சுற்றி, எஞ்சிய காலைச் செயற்கைக்காலின் மேற்பகுதியான கிண்ணத்துக்குள் இறக்கினார். இறக்கிய பிறகும் அது உள்ளே ஆடியது.

கடந்த ஒன்றரை ஆண்டில் அவர் மிகவும் மெலிந்துவிட்டார். அரிசியும் மாவும் விற்ற விலையில் ஊரில் மெலியாதவர்கள் குறைவு. ஆனால் செயற்கைக்கால் போட்டவருக்கு உடல் மெலிவது வேறொரு கணக்கு: எஞ்சிய கால் சுருங்கியதும் கிண்ணம் தளர்கிறது, தளர்ந்த கிண்ணம் உரசிப் புண்ணாக்குகிறது, புண் ஆறும்வரை காலைப் போட முடியாது, போடாவிட்டால் வயலுக்கோ தோணிக்கோ போக முடியாது. புதிய கிண்ணத்துக்கு அளவெடுக்க வரும்படி அவருடைய கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருந்த திகதிகள் இரண்டு ஏற்கெனவே தவறிப்போயிருந்தன. மருத்துவத்துக்குப் பணம் கேட்டதால் அல்ல, நம் நாட்டில் அரச வைத்தியசாலையில் அதற்குப் பணம் வாங்குவதில்லை. மட்டக்களப்பு நகருக்குப் போய்ச் சேர வழியில்லாததால்தான் அவை தவறின.

எரிபொருள் தட்டுப்பாட்டின் அந்த மாதங்களை ஊரில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஜூன் மாத இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறியது. பிறகு எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது முச்சக்கரவண்டிக்குக் கிழமைக்கு 5 லீற்றர் என்று கட்டுப்பாடு விதித்தார்கள். அம்பிளாந்துறையிலிருந்து நகருக்கு ஒருவரைக் கொண்டுபோய், கிளினிக் முடியும்வரை காத்திருந்து, திரும்பக் கொண்டுவரும் ஓட்டோக்காரர் தன் கிழமைப் பங்கில் எவ்வளவைச் செலவழிப்பார் என்று நினைத்துப் பாருங்கள். அவர் கேட்ட 5,000 ரூபாயை அநியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அது மச்சானிடம் இருக்கவும் இல்லை.

நான் இலண்டனில் இருபது ஆண்டுகளாக வாழ்கிறேன். அங்கே ஓடத் தொடங்கிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. போரில் காயமுற்ற முன்னாள் படைவீரர்களின் மறுவாழ்வுக்கும் மருத்துவத்துக்கும் நிதி சேர்க்க ஓடுவது அந்த நாட்டில் மிகவும் வழமையான ஒரு காரியம். நானும் அப்படிச் சில ஓட்டங்களில் ஓடியிருக்கிறேன். அதன் வேரைத் தேடிப்போனால், 1948 ஜூலை 29ஆம் திகதி, இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மண்டெவில் வைத்தியசாலையின் புல்வெளியில், முள்ளந்தண்டில் காயமுற்ற 16 முன்னாள் படையினரைச் சக்கர நாற்காலிகளில் இருத்தி வில்வித்தைப் போட்டி நடத்திய வைத்தியர் லுட்விக் குட்மனிடம் போய்ச் சேரலாம். 1960இல் ரோமில் நடந்த முதலாவது பராலிம்பிக் அந்தப் புல்வெளியிலிருந்துதான் வளர்ந்தது. அந்த ஓட்டங்களில் ஓடும்போதெல்லாம், பதக்கம் கழுத்தில் விழும் கணத்தில் என் நினைவுக்கு வந்தது மச்சானின் கால்தான். அங்கே முன்பின் அறியாத வீரனுக்காக ஓடிய நான், என் அக்காவின் வீட்டு வாசலில் கழற்றி வைக்கப்படும் காலுக்காக ஒரு கிலோமீற்றர்கூட ஓடியதில்லை என்பது பல ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

ஆகவே அவ்வாண்டு விடுமுறைக்குப் புறப்படுமுன் என்னுடன் ஓடும் நண்பர்களிடம் ஒரு விடயத்தைச் சொன்னேன். காயமுற்ற ஒருவர் தன் கிளினிக்குக்குப் போகும் அதே பாதையில், அவர் போகும் அதே நாளில், அவர் புறப்படும் அதே நேரத்தில் நான் ஓடுவேன். ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் நீங்கள் தருவது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இப்படி இருப்பவர்களின் போக்குவரத்துக்குப் போகும் என்றேன். அவர்கள் மறுகேள்வி கேட்காமல் ஒத்துக்கொண்டார்கள். ஊரில் நான்கு இளைஞர்கள் என்னோடு ஓட வந்தார்கள். அவர்களில் இருவரின் தந்தையரும் காயமுற்றவர்கள்.

எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தரைவழி மட்டும் அல்ல. வாவியைக் கடக்கும் மிதவைக்கும் அதுதான் பெயர். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அங்கேயும் பாதைதான் ஓடியது. அம்பிளாந்துறையிலிருந்து அக்கரையில் இருக்கும் குருக்கள்மடத்துக்கு அன்று நாங்கள் பாதையில்தான் ஏறினோம். தயிர்ச் சட்டிகள், மூன்று மோட்டார் சைக்கிள்கள், பாடசாலைச் சீருடையில் ஒரு பிள்ளை, இவற்றுக்கு நடுவே கம்பியைப் பிடித்தபடி மச்சான் நின்றார். உட்காரச் சொன்னதற்கு, இருந்தால் எழும்பும்போதுதான் கூட நோகும் என்றார். படுவான்கரைப் பக்கம் இன்னும் இருட்டாகவே கிடக்க, கிழக்கே எழுவான்கரையின் தென்னைகளுக்குப் பின்னால் வானம் வெளுத்துக்கொண்டு வந்தது.

குருக்கள்மடத்துப் பிரதான வீதியில் அவரைப் பேருந்து நிறுத்தத்தில் விட்டோம். "மச்சான், நீங்க ஓடுங்க. நான் பஸ்ஸில வந்து முன்னுக்குப் போய் நம்பர் எடுத்துட்டு இரிக்கன். மறுகா அங்க சந்திப்பம்," என்றார். அப்போது ஆறு மணிக்குச் சில நிமிடங்கள் இருந்தன. நகர் வரைக்கும் ஏறக்குறைய பதினெட்டுக் கிலோமீற்றர் இருக்கும்.

கிரான்குளமும் புதுக்குடியிருப்பும் நிழலோடு கடந்தன. கடற்காற்று வலப்பக்கத்தில் இருந்தது. வாகனங்கள் இல்லாத வீதியில் சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாகப் போயின; அந்த ஆண்டில் சைக்கிளுக்கு இருந்த மதிப்பு அதற்கு முன்னும் பின்னும் நான் காணாதது. தாழங்குடாவில் ஒரு வீட்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த மூதாட்டி எங்களை மறித்து, எதற்காக ஓடுகிறோம் என்று கேட்டார். இளைஞர்களில் ஒருவன் சொன்னான். அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இரிங்க மகன்," என்று உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நாங்கள் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. செம்பை வாங்கும்போது மட்டும், தன் மூத்தவனுக்கு முதுகில் இன்னும் எறிகணைத் துண்டு இருக்கிறதென்றும், மாரி காலத்தில் அவன் நித்திரை கொள்வதில்லை என்றும் சொன்னார்.

அந்தத் துண்டுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காயமுற்றவர்கள் என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது இழந்த கையும் காலும்தான். உடலுக்குள் உலோகத்தைச் சுமந்து திரிபவர்களை நாம் கணக்கில் எடுப்பதில்லை. முள்ளந்தண்டுக்கு அருகில் அப்படி ஒன்று இருப்பவருக்கு எம்ஆர்ஐ எடுக்க வைத்தியர்கள் தயங்குவார்கள், ஏனென்றால் காந்தப்புலத்தில் இரும்பு அசையக்கூடும். இடுப்புக்குக் கீழ் உணர்விழந்து படுத்திருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், தவறினால் படுக்கைப்புண் வரும், அந்தப் புண்ணே உயிரை எடுக்கவும் கூடும். அப்படிப் புரட்டுவதைப் பதினைந்து, இருபது ஆண்டுகளாகத் தனியாகச் செய்துவரும் மனைவியரும் தாய்மாரும் படுவான்கரையில் இருக்கிறார்கள். அவர்களுடைய தோள்மூட்டுகளும் இப்போது மருத்துவம் கேட்கின்றன.

காத்தான்குடிக்குள் நுழைந்தபோது வெயில் ஏறிவிட்டது. வீதியின் நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களின் நிழல் ஓடுபவனுக்குப் போதுமானதல்ல என்றாலும் கண்ணுக்கு ஆறுதலாக இருந்தது. அங்கே எரிபொருள் நிலையம் ஒன்றிலிருந்து புறப்பட்ட வரிசை நீண்டு கிடந்தது. முந்தைய இரவே வந்து வண்டிக்குள் உறங்கியவர்கள் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் நின்ற ஓட்டோக்களில் ஏதோ ஒன்றில்தான் மச்சான் போன மாதம் தவறவிட்ட கிளினிக்குக்குப் போயிருக்க வேண்டியவர் என்று ஓடிக்கொண்டே எண்ணினேன்.

நாவற்குடாவைத் தாண்டியபின் என் வலது முழங்காலில் ஒரு குத்தல் தொடங்கியது. அதைப் பெரிதுபடுத்த எனக்கு வாய் வரவில்லை. இரண்டு கால்களும் உள்ள ஒருவன் நடப்பதைவிடச் செயற்கைக்காலோடு நடப்பவர் கூடுதலான சக்தியைச் செலவழிக்கிறார். முழங்காலுக்கு மேலே இழந்தவருக்கு அது இன்னும் அதிகம். மச்சான் 1998இல் வன்னியில், போராளியாக இருந்தபோது, மிதிவெடியில் காலை இழந்தவர். 2004இல் வீடு திரும்பியதிலிருந்து அந்தக் காலோடு வரம்பில் நடந்து வேளாண்மை செய்கிறார். அவருக்குக் கிடைத்தது ஜெய்ப்பூர் பாதம். 1960களின் இறுதியில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பு முறிவு வைத்தியரும் சேர்ந்து, சேற்றில் வெறுங்காலோடு இறங்கவும் குந்தி இருக்கவும் கூடியதாக இறப்பரில் உருவாக்கியது. எங்கள் வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் கண்டதில்லை. ஆனால் எந்தக் காலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும், கிண்ணம் அதற்கும் முன்பே.

எதிரணியில், அரச படையில் நின்று காயமுற்றவர்களுக்கு ஓய்வூதியமும், ராகமையில் ரணவிரு செவன என்ற மறுவாழ்வு நிலையமும் இருக்கின்றன. போரில் கையில் காயமுற்ற படைவீரர் தினேஷ் பிரியந்த ஹேரத், டோக்கியோ பராலிம்பிக்கில் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து, உலக சாதனையோடு தங்கம் வென்றபோது நானும் மனமார மகிழ்ந்தேன். காயத்தைக் கைவிடாமல் கவனித்தால் ஒரு மனிதன் எங்கே போய் நிற்பான் என்பதற்கு அவரே சான்று. அந்தக் கவனிப்பு மச்சானைப் போன்றவர்களுக்கும் உரியது என்றே நான் சொல்கிறேன். எந்தப் பக்கத்தில் நின்று வந்தது என்று புண்ணைக் கேட்டு எந்த வைத்தியரும் மருந்து கட்டுவதில்லை.

கல்லடியில் புதிய பாலத்தை விட்டு, 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தால் ஓடினோம். காலுக்குக் கீழே வாவி பளபளத்தது. கிளினிக்கின் வாயிலை அடைந்தபோது மணி எட்டு ஆகப் பத்து நிமிடங்கள். மச்சானைத் தேடினேன். வாங்குகளில் அவர் இல்லை. நம்பர் கொடுக்கும் இடத்திலும் இல்லை. கொப்பி அவரிடம் இருந்ததால் அவருக்காக நம்பர் எடுக்கவும் என்னால் முடியவில்லை.

அவர் வந்தபோது ஒன்பதே முக்கால். முதல் பேருந்து நிரம்பி நிற்காமல் போயிருக்கிறது. இரண்டாவது நின்றிருக்கிறது, ஆனால் படி உயரம். ஆடும் கிண்ணத்தோடு அவர் ஏறி முடிக்கும் முன்னே எடுத்துவிட்டார்கள். மூன்றாவதில் நின்றபடியே வந்திருக்கிறார். பெனியன் துணியில் இரத்தம் ஊறியிருந்தது. "நீங்க எத்தின மணிக்கு வந்தயள்?" என்று கேட்டார். நான் சொன்னதும், "அப்ப நானும் ஓடியே வந்திருக்கலாம்," என்று சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு வாங்கில் இருந்தார். அவருக்குக் கிடைத்த நம்பர் அறுபத்தொன்று.

பிற்பகல் ஒன்றரைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். அளவெடுப்பவர் முதலில் புண்ணைக் கழுவி மருந்திட்டார். பிறகு எலும்பு துருத்தும் இடங்களை நீலப் பென்சிலால் குறித்து, சாந்துத் துணியை நனைத்துக் காலைச் சுற்றிக் கட்டி, இரண்டு பெருவிரல்களாலும் முழங்கால் சிரட்டைக்குக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு அது இறுகும்வரை காத்திருந்தார். அந்த ஐந்தாறு நிமிடமும் அறையில் யாரும் பேசவில்லை. கழற்றியபோது உள்ளே மச்சானின் காலின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அப்படியே பதிந்திருந்தன. புண் ஆறும்வரை பழைய காலைப் போட வேண்டாம் என்றும், கிண்ணத்தைப் போட்டுப் பார்க்க மூன்று கிழமைகளில் வரும்படியும் சொல்லிக் கொப்பியில் திகதி எழுதினார்.

நண்பர்கள் அனுப்பிய பணத்தில், ஊர் ஓட்டோக்காரர் ஒருவரோடு அன்று மாலையே பேசி முடித்தோம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கிளினிக் உள்ளவர்களை அவர் மூன்று மூன்று பேராக ஏற்றிக்கொண்டு போவார். அதற்காகத் தன் 5 லீற்றரில் 3 லீற்றரை ஒதுக்கி வைப்பார். முதல் பெயராக மச்சானை எழுதச் சொன்னேன். மச்சானோ தலையாட்டி மறுத்து, தாழங்குடாவில் தண்ணீர் தந்த அந்த அம்மாவின் மகன் எந்த ஊர்க் கிளினிக்குக்குப் போகிறான் என்று முதலில் விசாரித்துவரச் சொன்னார்.