மோட்டார் லாரிக்கு சஸ்பென்ஷன்: நான்காவது பின்னச்சு

நான்காவது பின்னச்சு ஒருவழியாக நிற்கிறது. முதல் மூன்றையும் பிரித்துப் பெட்டியில் போட்டாயிற்று.

லெகோ டெக்னிக்கில் மோட்டார் வைத்த இரண்டு அச்சு லாரி இது. சக்கரத்தின் விட்டம் 62.4 மி.மீ. நிஜ லாரி டயர் சுமார் ஒரு மீட்டர் உயரம் இருக்கும், அதனால் அளவை 1:16 என்று வைத்துக்கொண்டேன். இழுவை பின்சக்கரங்களுக்கு மட்டும். தரையில் ஒரு பென்சில் கிடந்தால், ஒரு சக்கரம் அதில் ஏறும்போது அச்சு மட்டும் சாய வேண்டும், மேலே இருக்கும் உடல் ஆடக் கூடாது. கேட்டது அவ்வளவுதான்.

முதல் முறை ஸ்பிரிங்கிலிருந்து தொடங்கினேன், தப்பே அதுதான். பக்கத்துக்கு இரண்டு ஷாக் அப்சார்பர், அச்சை முன்பின் நகராமல் பிடிக்கக் கீழே இரண்டு கம்பிகள். கையால் அழுத்தினால் அழகாக இறங்கி ஏறியது. மோட்டாரைப் போட்டதும் அச்சின் மூக்கு, அதாவது மோட்டாரின் சுழற்சியைக் கொண்டுவரும் தண்டான ஷாஃப்ட் உள்ளே நுழையும் பக்கம், மேலே தூக்கிக்கொண்டது. சக்கரம் முன்னோக்கி உருளும்போது அச்சுக்கூடு எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும், அதைத் தடுக்க என் அமைப்பில் எதுவுமே இல்லை. ஷாஃப்ட் மடங்கியபடியே சுற்ற உதவும் மூட்டான யுனிவர்சல் ஜாயிண்ட் அளவுக்கு மீறி மடங்கி, 'டக் டக்' என்று அடித்து நின்றது.

இரண்டாவது முறைக்கு நிஜ வண்டிகளிடம் போனேன். ஷாஃப்டை ஒரு குழாய்க்குள் விட்டு, குழாயின் பின்முனையை அச்சோடு இறுக்கி, முன்முனையைப் பந்து மூட்டால் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், மாட்டுவது ஒரு பழைய ஏற்பாடு. மூக்கு தூக்காது, கீழ்க்கம்பிகளும் தேவையில்லை, அச்சு மேலும் கீழும் போகும், பக்கவாட்டில் சாயவும் செய்யும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குழாய் பந்தின் நடுவைச் சுற்றி அசைகிறது, ஷாஃப்ட் ஜாயிண்டின் நடுவைச் சுற்றி அசைகிறது. இரண்டு நடுவும் ஒரே புள்ளியில் இருக்க வேண்டும். என்னுடையதில் ஜாயிண்ட் ஒரு ஸ்டட், அதாவது லெகோவின் ஓர் ஓட்டை இடைவெளியான 8 மி.மீ., பின்னால் இருந்தது. நேராக ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. பென்சிலில் ஏறி இறங்க ஒவ்வொரு தடவையும் ஷாஃப்ட் பல்சக்கரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ கழன்றே விட்டது. மோட்டார் மட்டும் உற்சாகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜாயிண்டை முன்னால் நகர்த்தியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஒரே ஒரு ஜாயிண்ட் என்பதால் மடங்கும்போது வேகம் சீராக இருக்காது என்பது உண்மைதான். ஆனால் 20 டிகிரி மடங்கினால்கூட ஏற்ற இறக்கம் ஆறு சதவீதம்தான். பொம்மையில் யார் பார்க்கப் போகிறார்கள்?

மூன்றாவது அச்சில் பந்து மூட்டு சரி, ஜாயிண்ட் சரி, ஆனால் வண்டி ஏற்றத்தில் ஏறாமல் கோணிக்கொண்டது. முன்பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு மோட்டாரை ஓட்டினேன். ஒரு பக்க ஸ்பிரிங் முழுக்க அமுங்கியது, மறுபக்கச் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் இருக்கிறதே, பாரம் இல்லாத சக்கரத்தை மட்டும் அது சுற்ற விட்டது.

இங்கேதான் அதிக நாள் போனது. ஸ்பிரிங் பலவீனம் என்று நினைத்து, மென்மையான சாம்பல் நிறத்தை எடுத்துவிட்டுக் கடினமான மஞ்சளைப் போட்டேன். கோணல் குறைந்தது, கூடவே சஸ்பென்ஷனும் போயிற்று. பென்சிலில் ஏறினால் மொத்த வண்டியும் சாய்ந்தது. உண்மையான காரணம் ஷாஃப்டின் முறுக்கு. மோட்டார் சேஸிஸில் உட்கார்ந்து ஷாஃப்டைத் திருகுகிறது, அந்தத் திருகல் அச்சையே ஒரு பக்கமாகச் சாய்க்கிறது. வேகத்தை மூன்றில் ஒன்றாகக் குறைக்கும் பல்சக்கரங்களை நான் மோட்டாரை ஒட்டி வைத்திருந்தேன், அதாவது முறுக்கை மூன்று மடங்காக்கிவிட்டுத்தான் ஷாஃப்டுக்கே அனுப்பினேன்.

சரி, குறைப்பைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தால்? எட்டுப் பல்லும் இருபத்து நான்கு பல்லும் சரியாக இரண்டு ஸ்டட் இடைவெளியில் சேரும். ஓட்டை போட்ட பட்டைகளான பீம்களால் சின்னக் கூடு கட்டி, சக்கரத்துக்கு ஒரு ஜோடி வைத்தேன். சக்கரத்தில் அதே பலம், ஷாஃப்டில் மூன்றில் ஒரு பங்கு முறுக்கு. அச்சும் 16 மி.மீ. மேலே ஏறியது. மெர்சிடிஸின் கரடுமுரடுப் பாதை லாரியான யூனிமாக்கில், அச்சைச் சக்கரத்தின் நடுவுக்கு மேலே தூக்கி வைக்கும் போர்ட்டல் ஆக்ஸிலும் இதே யோசனைதான். 2011இல் வந்த 8110 எண்ணுள்ள லெகோ யூனிமாக் செட்டிலும் அது உண்டு. சாலை லாரிக்கு இது பொருந்தாது என்பது தெரியும். கோணுகிற லாரியைவிட இது தேவலாம்.

கூடவே ஸ்பிரிங்குகளை வெளியே தள்ளினேன். இடமும் வலமும் 7 ஸ்டட் இடைவெளியில் இருந்தவை இப்போது 11 ஸ்டட்டில். சாய்வுக்கு எதிரான பலம் இடைவெளியின் வர்க்கத்தில் கூடும் என்பதால் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கிடைத்தது. மேலும் கீழுமான மென்மை அப்படியே இருக்கிறது. சாம்பல் ஸ்பிரிங்குகள் திரும்ப வந்தன.

அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்க ஒரு குறுக்குக் கம்பி, 11 ஓட்டை பீம். நீளமான கம்பி என்பதால் அச்சு ஒரு ஸ்டட் ஏறினாலும் பக்கவாட்டு நகர்வு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. முன்னச்சுக்கும் இதே கம்பிதான், ஸ்டியரிங் கம்பியையும் அதே நீளத்தில் இணையாக வைத்துவிட்டேன். இல்லையென்றால் மேட்டில் ஏறும்போது சக்கரம் தானாகத் திரும்பும்.

அப்புறம் ஸ்பிரிங் கடினத்தை எப்படி முடிவு செய்வது? வண்டியைத் தூக்கிவிட்டுத் தரையில் வைத்தால் சொந்த எடையில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தால் போதும். விநாடிக்கு ஒன்றரைத் தடவை ஆடும் நிஜ லாரியில் அந்த இறக்கம் சுமார் 11 செ.மீ. அதைப் பதினாறால் வகுத்தால் 7 மி.மீ., ஒரு ஸ்டட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்கேல் வைத்து அளந்தால் என் லாரி ஏழரை மி.மீ. காட்டுகிறது. ஆனால் சிறிய வண்டி வேகமாக ஆடும், அந்த இறக்கத்துக்கு விநாடிக்கு ஆறு தடவை. நேரில் பார்த்தால் தத்தித் தத்திப் போகிற மாதிரிதான் இருக்கிறது. போனில் விநாடிக்கு 120 படமாக எடுத்து 30இல் ஓட்டினேன். அசல் லாரி மேட்டில் ஏறி இறங்குகிற அதே சோம்பல்! நாலு தடவை போட்டுப் பார்த்தேன்.

ஆட்டம் அடங்குவதற்கு இந்த ஷாக்குகளில் எண்ணெய் கிடையாது, வெறும் ஸ்பிரிங்தான். மூட்டுகளின் உராய்வுதான் அடக்குகிறது. நிஜ லாரியின் கமான் பட்டைகளும் ஒன்றோடொன்று உரசித்தான் பாதி வேலையைச் செய்கின்றன, அதனால் இதை ஏமாற்று வேலை என்று நான் நினைக்கவில்லை.

மிச்சம் இருப்பது பாரம். பின்பெட்டியில் அரைக் கிலோ வைத்தால் பின்பக்கம் அடியில் முட்டுகிறது. நிஜ லாரியில் பாரம் ஏறிய பிறகு மட்டும் வேலைக்கு வரும் உதவிப் பட்டை இருக்கும். அதேபோல இன்னொரு ஜோடி மஞ்சள் ஸ்பிரிங்கை, காலியாக இருக்கும்போது தொடாதபடி மாட்டிப் பார்க்கிறேன். அதற்கு 4 மி.மீ. இடைவெளி வேண்டும், ஓட்டைகளோ 8 மி.மீ.க்கு ஒன்று. அரைத் தடிமன் பீமை இடையில் செருகிப் பார்த்தேன், வளைகிறது. நாளைக்கு இரட்டையாகச் செருக வேண்டும், அதற்குப் பெட்டி மறுபடி கழற்றப்படும்.